காஞ்சியின் வான்கணக்கும் அதைப் பிற்காலத்தில் தேடி வந்தவர்களும்

காஞ்சிபுரத்துக் கோயில்களின் ஆண்டு நட்சத்திரங்களைக் கொண்டு நடக்கிறது. பங்குனி உத்திரத்தில் ஏகாம்பரநாதர் திருக்கல்யாணம் நடக்கும். சித்திரா பௌர்ணமியில் வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருள்வார். அதே நாளில் நெல்லுக்காரத் தெருச் சித்திரகுப்தர் கோயிலில் கூட்டம் நெரியும். புரட்டாசித் திருவோணம் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகருக்கும், ஐப்பசித் திருவோணம் திருவெஃகாவில் தோன்றிய பொய்கையாழ்வாருக்கும் உரியவை. இவை ஒவ்வொன்றுக்கும் அடியில் வானத்தில் நடக்கும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது: சந்திரன் குறிப்பிட்ட நட்சத்திரத்தின் பகுதியில் நிற்கும் நாள் அது. அந்த நாளை ஓராண்டுக்கு முன்பே சொல்ல ஆள் வேண்டும். அப்படிச் சொல்லும் தொழில் இந்த ஊரில் பல நூற்றாண்டுகளாக இருந்துவந்தது. அதைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் ஒருபுறம். வேறு வேலையில் இருந்துகொண்டோ, வேலை முடிந்த வயதிலோ வானத்தின் பக்கம் திரும்பியவர்கள் இன்னொரு புறம். தொண்டை மண்டலத்து வானியலின் வரலாற்றில் இந்த இரண்டாம் வகையினரின் பங்கு அவர்களுடைய எண்ணிக்கையைவிட மிகப் பெரியது.

காஞ்சிபுரம் வடக்கே ஏறத்தாழ 12.8 பாகை அட்சரேகையில் இருக்கிறது. மகம் நட்சத்திரத்தின் தலையாய விண்மீன் நில நடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகையில் சுற்றுவதால், காஞ்சியில் அது உச்சியை ஒரு பாகைக்கும் குறைவான இடைவெளியில் கடக்கிறது. மாசி மகத்தன்று முழுநிலவு அதன் அருகில் நிற்கும். நள்ளிரவை ஒட்டி இரண்டையும் தலைக்கு நேர் மேலே பார்க்கலாம். திருவோணமும் உச்சிக்கு நான்கு பாகைக்குள் வந்து போகிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் கோபுரத்துக்கே நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். வானத்தைக் கண்ணால் கற்றுக்கொள்ள இதைவிட வசதியான ஊர் அமைவது அரிது. ஆனால் காஞ்சியின் புகழ் கண்ணால் வந்ததன்று, கணக்கால் வந்தது.

அந்தக் கணக்கின் மூலநூல் வாக்கியகரணம். எழுதியவர் பெயர் தெரியவில்லை. காஞ்சியைச் சேர்ந்தவர், 1300ஆம் ஆண்டை ஒட்டி எழுதியவர் என்று அதைப் பதிப்பித்த அறிஞர்கள் கருதினர். சந்திரனின் வேகம் ஒரே சீரானதன்று; பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும் விலகும்போது மெதுவாகவும் செல்கிறது. மிகத் தொலைவான புள்ளியிலிருந்து புறப்பட்டு மீண்டும் அங்கே வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். இப்படி ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் 248 நாள். பிசகு சில நிமிடங்கள்தான். ஆகவே 248 நாளுக்குச் சந்திரனின் இடத்தை ஒருமுறை கணித்துவிட்டால், பிறகு அதே அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு 248 நாளுக்கும் 27 பாகை 44 கலை கூட்டிக்கொண்டால் போதும். அந்த 248 இடங்களும் 248 சிறு சொற்றொடர்களாக ஆக்கப்பட்டன. அவையே வாக்கியங்கள். வரருசியின் பெயரால் வழங்கும் இந்த வாக்கியங்கள் காஞ்சி நூலைவிடப் பழையவை. அவற்றைக் கொண்டு முழுப் பஞ்சாங்கத்தையும் கணிக்க முறை வகுத்துத் தந்தது காஞ்சி நூல்.

எழுத்துகளை எண்களாக்கியது கடபயாதி முறை. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. சொல்லை எழுதி இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தேவரம் என்றால் 248. காலானலம் என்றால் 3031. த, ப வரிசைகளில் நான்கு ஒலிகளுக்கும் தமிழில் ஒரே எழுத்து என்பதால் கிரந்த எழுத்து அறிந்தவர்களிடமே இந்தக் கலை தங்கிற்று. கணிதரின் வேலை இப்படிப் போகும். கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களை எண்ணி, அதில் 1600984 என்ற எண்ணைக் கழிப்பார். அது 1282ஆம் ஆண்டில் விழும் ஒரு நாள். மீதியை 12372ஆல் வகுத்து, அதில் மீந்ததை 3031ஆல் வகுத்து, அதிலும் மீந்ததை 248ஆல் வகுப்பார். எடுத்துக்காட்டாக 1825 மே 31ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, கலி நாள் 1799312. கழித்தால் 198328. அதில் 12372 பதினாறு முறை போக 376 மிஞ்சும். 3031 அதில் அடங்காது. 248 ஒருமுறை போக மீதி 128. ஆக அன்றைக்கு 128ஆவது வாக்கியம். மனப்பாடத்திலிருந்து அதை எடுத்து, ஒவ்வொரு வகுத்தலுக்கும் உரிய பாகைகளைக் கூட்டினால் சந்திரன் இருக்கும் இடம் கிடைக்கும். பெருக்கல் அட்டவணையும் வேண்டாம், ஓலையும் வேண்டாம். எண்களை நிறுத்திவைக்கத் தரையில் பரப்பிய சோழிகள் போதும்.

இந்தக் கணக்கு கோயிலோடு நின்றுவிடவில்லை. முகூர்த்த நாளைக் குறிப்பது பஞ்சாங்கம். முகூர்த்த நாள்தான் பட்டு விற்கும் நாள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை; ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் கடைத்தெரு கொள்ளாது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு முகூர்த்தப் புடவையைத் தறியில் ஏற்றும் நெசவாளி எந்த வாரத்துக்குள் அறுத்துக் கொடுக்க வேண்டும் என்பதை, அவர் அறிந்தாலும் அறியாவிட்டாலும், சந்திரனின் ஓட்டமும் சூரியனின் ராசியும் தீர்மானித்து வந்திருக்கின்றன. காஞ்சியின் இரு பெருந்தொழில்களும் ஒரே நாட்காட்டியில் கட்டுண்டவை.

வாக்கிய முறையின் வலிமையே அதன் குறையும் ஆயிற்று. மனப்பாடத்தில் இறுகிய எண்களை யாரும் திருத்தவில்லை. அமாவாசை, பௌர்ணமிகளை ஒட்டி அவை நன்றாகவே பொருந்தின. சூரியனின் ஈர்ப்பால் சந்திரனுக்கு நேரும் கூடுதல் அலைவு அந்த இரு நாள்களிலும் வேக வேறுபாட்டுக் கணக்கோடு கலந்துவிடுவதும், பழைய கணிதர்கள் கிரகணங்களைக் கொண்டே தங்கள் எண்ணை வகுத்ததும் இதற்குக் காரணம். அட்டமியை ஒட்டி அந்த அலைவு தனித்துத் தலைகாட்டும். அப்போது சந்திரனின் இடம் இரண்டு பாகைக்கு மேலும் பிசகக்கூடும். திதி முடியும் நேரத்தில் அது சில மணி நேர வேறுபாடு. இன்றும் வாக்கியப் பஞ்சாங்கமும், திருத்திய எண்களைக் கொண்ட திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதிகளில் மாறுபடுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

மலைநாட்டில் இதற்கு மருந்து தேடியவர் பரமேசுவரர். அவர் 1393 முதல் 1432 வரை கிரகணங்களைக் கண்டு குறித்தார்; கண்டதற்கேற்ப எண்களைத் திருத்தி 1431இல் திருக்கணிதம் என்ற நூலைச் செய்தார். தமிழ்நாட்டில் வாக்கியகரணத்துக்கு உரை எழுதிய சுந்தரராசர், கேரளத்து நீலகண்ட சோமயாஜியிடம் வானியல் வினாக்களை எழுப்பி விடை பெற்றார். இருவருக்கும் இடையே நடந்த அந்த வினாவிடை, கணக்கை வாய்பாடாக ஒப்பித்துவிட்டுப் போக மனமில்லாதவர்களும் இங்கே இருந்தார்கள் என்பதற்குச் சான்று. ஆனால் பரமேசுவரரைப்போல் ஆண்டுக்கணக்கில் வானத்தைப் பார்த்து எண்ணைத் திருத்திய ஒருவரின் நூல் தொண்டை மண்டலத்திலிருந்து நமக்குக் கிடைக்கவில்லை. இது வருந்தத்தக்க இழப்பு.

வெளியார் இந்தக் கலையைக் கண்டு வியந்த இடம் புதுச்சேரி. வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண வந்த பிரெஞ்சு வானியலர் லெ ழான்தீல், 1761ஆம் ஆண்டுக் கடப்பை நடுக்கடலில் தவறவிட்டார். 1769இல் புதுச்சேரியில் காத்திருந்தபோது மேகம் மறைத்தது. அங்கே தங்கிய காலத்தில் அவர் தமிழ்க் கணிதர் ஒருவரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதிச் சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்ததாகவும், ஐரோப்பாவில் சிறந்ததெனக் கருதப்பட்ட மாயரின் அட்டவணை 68 விநாடி கூடியதாகவும் அவர் குறித்தார்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த ஜான் வாரனின் கதை இன்னும் நெருக்கமானது. பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலேயப் படையில் சேர்ந்த அவர், அளவையாளர் லாம்டனின் நில அளவையில் பணியாற்றினார். கோலார்ப் பகுதியில் தங்கம் இருப்பதை 1802இல் அறிவித்தார். 1805 முதல் 1811 வரை, ஆய்வக வானியலர் கோல்டிங்காம் இல்லாத காலத்தில், நுங்கம்பாக்கத்துச் சென்னை வானாய்வகத்தை நடத்தினார். பிறகு பிரான்சுக்குத் திரும்பினார். அங்கேயே ஓய்ந்திருக்கலாம். ஆனால் மீண்டும் கடல் கடந்து வந்து, ஐம்பதைத் தாண்டிய வயதில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கைக் கற்று, 1825இல் சென்னையில் ‘கால சங்கலித’ என்ற பெருநூலை வெளியிட்டார். 1830இல் புதுச்சேரியில் இறந்தார். ஆய்வகத்துப் பதவி இருந்தபோது அவர் செய்ததைவிட, பதவி போன பின் செய்த இந்த வேலைதான் நிலைத்தது.

புதுச்சேரியில் குடியிருந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் வாரனுக்கு முன்னால் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடச் சொற்களைக் கொண்டு, 1825 மே 31 – ஜூன் 1 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என்ற அளவிலேயே பிசகு. ஐந்நூறு ஆண்டுக்கு மேல் தொடாத எண்களுக்கு அது பெரிய காரியம். அந்தக் கணிதருக்கு இந்தக் கணக்கின் கோட்பாடு எதுவும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் எழுதினார். கோட்பாடு அறியாமலே ஒரு கணக்கு இத்தனை தலைமுறை பிசகாமல் கைமாறியது என்பதைக் குறையாக மட்டும் எண்ணுவது நியாயமாகாது. வாரன் குறித்த எண்கள் மேலே கண்ட அதே 1600984, 12372, 3031, 248. 1952இல் நாய்கெபவர் என்ற அறிஞர் வாரனின் பக்கங்களைக் கொண்டு ‘தமிழ் வானியல்’ என்ற கட்டுரையை எழுதி, 248, 3031 நாள் சுற்றுகள் பழங்காலக் கிரேக்கப் பாப்பிரசு ஏடுகளிலும் வருவதை எடுத்துக்காட்டினார். அந்தச் சுற்றுகளின் தொடக்கத்தைப் பாபிலோனியக் கணக்கு வரை கொண்டுபோகலாம்.

கணக்கையும் கண்ணையும் ஒருவரே சேர்த்துப் பிடித்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்து சென்னை வானாய்வகத்தில் வானியலர் போக்சனின் முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867இல் தென் வானத்தில் ஒளி மாறும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். இன்று அது ஆர் ரெட்டிகுலி எனப்படுகிறது. 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தைக் காண நிசாம் நாட்டு வனபர்த்திக்குக் குழுவோடு சென்றார்; 1871 டிசம்பர் 12ஆம் தேதிக் கிரகணத்துக்கு ஆய்வகத்தார் அவிநாசியில் முகாமிட்டனர். 1874ஆம் ஆண்டு வெள்ளிக் கடப்பைப் பற்றி மக்களுக்காகச் சிறு நூல் எழுதி இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். ஆய்வக வேலை முடிந்த நேரத்தில் அவர் செய்த பணி இன்னொன்று உண்டு: அன்றைய ஐரோப்பிய அட்டவணைகளைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். வாக்கியக் கணிதர்களின் எதிர்ப்புக்கு நடுவே, கிரகணம் எப்போது பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். 1880இல் அவர் மறைந்தபோது அந்த வழக்குத் தீரவில்லை, இன்றும் தீரவில்லை.

அடுத்து வந்தவர்கள் தொலைநோக்கியைத் தொடாமல் வானியல் செய்தவர்கள். காஞ்சிக் கோயில் சுவர்களில், குறிப்பாக வரதராஜப் பெருமாள் கோயிலில், நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டோடு சூரியன் நின்ற மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, கிழமை, நட்சத்திரம் அனைத்தும் வெட்டப்பட்டிருக்கும். திதி ஒன்று, கிழமை ஒன்று, நட்சத்திரம் ஒன்று என்று தனித்தனியே பார்த்தால் அவை ஆண்டுதோறும் வருபவை. மூன்றும் குறிப்பிட்ட மாதத்தில் ஒருசேர விழும் நாள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே அமையும். ஆகவே அந்த நாளைக் கணித்துப் பிடித்தால் அரசன் ஆண்ட ஆண்டே கைக்கு வந்துவிடும். சோழர், பாண்டியர் ஆட்சிக்கால வரையறையில் பெரும்பகுதி இந்தக் கணக்கால் கிடைத்தது.

இந்த வேலைக்குக் கருவி செய்து தந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். சென்னை மாகாணத்தில் கலெக்டராக இருந்த ராபர்ட் சிவெல், ஓய்வுபெற்ற பின் சங்கர பாலகிருஷ்ண தீட்சிதரோடு சேர்ந்து 1896இல் இந்திய நாட்காட்டி பற்றிய நூலை வெளியிட்டார். 1898இல் இந்தியச் சந்திர கிரகணங்களின் பட்டியலைத் தந்தார். எழுபத்தொன்பதாம் வயதில், 1924இல், சித்தாந்தங்கள் பற்றிய பெருநூலையும் முடித்தார். மற்றவர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. அரசுப் பணியிலும் பிறகு சென்னைச் சட்டமன்றத்திலும் பொறுப்புகள் வகித்துக்கொண்டே 1911இல் இந்தியக் காலவரிசை நூலையும், 1922இல் 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதி, நட்சத்திரம் காணும் பல தொகுதி அட்டவணையையும் செய்தார். பரிபாடலின் பதினோராம் பாடலில் வரும் கோள்நிலையை 634ஆம் ஆண்டுக்குக் கணித்தவரும் அவரே. அந்த முடிவை ஏற்காதவர்கள் பலர் உண்டு, ஆனால் அவருடைய அட்டவணையைத் தொடாத கல்வெட்டாய்வாளர் இல்லை. சிவெல், சுவாமிக்கண்ணுப் பிள்ளை இருவரும் 1925இல் மறைந்தனர். பகலில் கோப்புகளும் இரவில் கோள்களுமாக வாழ்ந்த இவர்களுக்குத் தமிழக வரலாறு பட்டிருக்கும் கடன் பெரிது.

வாக்கியகரணமே அச்சேறியது 1962இல்தான். டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் சுந்தரராசரின் உரையோடு அதைப் பதிப்பித்தனர். பஞ்சாபின் ஓஷியார்ப்பூர் ஆய்வு நிறுவனத்தில் இருந்து ஓய்வுபெற்ற பின் சர்மா சென்னை அடையாற்றில் குடியேறி, ஆய்வு மையம் ஒன்றை அமைத்து, 2005இல் மறையும் வரை ஓலைச்சுவடிகளோடே இருந்தார். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கிடக்கும் அறிவியல் சுவடிகளின் அவருடைய பட்டியல் 2002இல் வந்தது. அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது.

கண்ணால் பார்க்கும் வானியல் பொதுமக்களின் பொழுதுபோக்காக இந்தப் பக்கம் பரவியது மிகப் பின்னால். சவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் 1960களின் இறுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிற்று. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரியில் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு அதைக் கனவு கண்ட வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. சனிக்கிழமைகளில் பொதுமக்கள் அங்கே சென்று பார்க்க வழியிருந்தது. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், கிரகணத்தன்று கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கத்துக்கு எதிராகப் பாதுகாப்பான கண்ணாடிகளோடு மக்களைத் தெருவுக்கு அழைத்தது. 1986இல் ஹாலி வால்மீன், 1995இல் சூரிய கிரகணம், 2004இலும் 2012இலும் வெள்ளிக் கடப்பு, 2019 டிசம்பர் 26இல் கோவையிலிருந்து புதுக்கோட்டை வரை தெரிந்த வளையக் கிரகணம் என்று ஒவ்வொன்றும் புதிதாகச் சிலரை வானத்தோடு கட்டிப்போட்டது. ஹாலியை இருபது வயதில் பார்த்தவருக்கு 2026இல் அறுபது வயது. படிப்பு, வேலை, குடும்பம் என்று நாற்பதாண்டு கீழே பார்த்தே நடந்தவர்கள் மீண்டும் நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைப்பது அந்த வயதில்தான்.

திரும்பி வரும்போது கண் மாறியிருக்கும். இளமையில் இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும் கண்பாவை, அறுபதைக் கடந்தவர்களில் பெரும்பாலும் 5 மில்லிமீட்டரளவில் நின்றுவிடுகிறது. 7×50 பைனாகுலர் அனுப்பும் ஒளிக்கற்றையின் அகலம் 7 மில்லிமீட்டர் என்பதால் அதில் பாதி ஒளி வீணாகும். 10×50 இந்த வயதுக்குப் பொருந்தும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பழுப்பேறிய வில்லை நீங்கிவிடுவதால், நீலநிற விண்மீன்கள் முன்னைவிடத் தெளிவாக நிறம் காட்டும். இருளைப் பொறுத்தவரை காஞ்சிக்குச் சிக்கல் வடகிழக்கில் இருக்கிறது. திருப்பெரும்புதூரும் சென்னையும் அந்தப் பக்க வானத்தை வெளுக்கவைக்கின்றன. தெற்கும் தென்மேற்கும், உத்திரமேரூர், செய்யாறு வழிகளில், இன்னும் ஓரளவு இருட்டு.

தெற்கு நோக்கிய வானமே இந்த ஊரின் செல்வம். சித்திரை, வைகாசி இரவுகளில் தென்சிலுவையின் அடி விண்மீன் தொடுவானத்துக்கு 14 பாகை மேலே நிற்கும். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட ஒமேகா சென்டாரி என்ற கொத்து 30 பாகை உயரத்தில் மங்கிய பஞ்சுப் பொட்டாகப் பைனாகுலரில் தெரியும். இலண்டனிலிருந்து பார்ப்பவருக்கு அது எழுவதே இல்லை. மார்கழி, தை மாதங்களில் அகத்திய விண்மீனுக்கும் கீழே, ரகுநாதாச்சாரி கண்டுபிடித்த ஆர் ரெட்டிகுலி வரும். ஏறத்தாழ ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை அது உச்ச ஒளி பெறும்போது, தென்திசை மறைப்பில்லாத ஏரிக்கரையிலிருந்து 10×50 பைனாகுலரிலேயே பார்த்துவிடலாம். அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் ஒளியை மதிப்பிட்டுக் குறித்துவைத்தால், 1911 முதல் இத்தகைய குறிப்புகளைத் திரட்டிவரும் அமெரிக்க மாறுவிண்மீன் சங்கம் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். வங்கத்தில் கருவூல எழுத்தராக இருந்த ராதாகோவிந்த சந்திரர் அந்தச் சங்கத்துக்கு அனுப்பிய குறிப்புகள் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவை.

கருவியே இல்லாதவருக்கும் ஒரு வேலை உண்டு. காஞ்சியின் கணக்கோடு நேரடியாகத் தொடர்புடையதும் அதுவே. சந்திர கிரகணத்தில் நிழல் தொடும் நேரம், முழுதும் மறையும் நேரம், விலகும் நேரம் ஆகியவற்றைக் கைக்கடிகாரத்தில் குறித்து, வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் இரண்டோடும் ஒப்பிடலாம். 2025 செப்டம்பர் 7ஆம் தேதி இரவு நிழல் தொட்டது 9.57 மணி, முழு மறைவு 11.01 முதல் 12.23 வரை. முழு மறைவைத் தமிழகத்தில் நெடுநேரம் பார்க்கக்கூடிய இன்னொரு கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு வருகிறது. அதன் நடுப்பகுதி 10.22 மணியளவில் அமையும்.